அருள்பெற்றவன் அசடான கதை

தொலைக்காட்சியில் டெஸ்ட் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. மட்டையாளருக்கு வெகு அருகில், தலைக்கவசமும் கால்காப்பும் மாட்டிக்கொண்டு ஒருவர் குனிந்து நின்றார். அவர் நின்ற இடத்தை வர்ணனையாளர் ‘சில்லி பாயிண்ட்’ என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகன் கேட்டான்: “மாமா, சில்லின்னா அசடுதானே? அவ்வளவு தைரியமா நிக்கிறவரைப் போய் ஏன் அசடுங்கறாங்க?”

“அவரைச் சொல்லலடா, அந்த இடத்தைச் சொல்றாங்க. பந்து முகத்துக்கு வந்தா விலக நேரமிருக்காது. தெரிஞ்சே அங்க போய் நிக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு” என்றேன்.

அவன் விடவில்லை. “அப்ப ஸ்டூப்பிட் பாயிண்ட்டுன்னு வெச்சிருக்கலாமே?”

வைத்திருக்க முடியாது என்று காது உடனே சொல்லிவிட்டது. ஏன் முடியாது என்பதற்குத்தான் விடை தேட வேண்டியிருந்தது. சில்லி, ஃபூலிஷ், ஸ்டூப்பிட், அப்சர்ட், டாஃப்ட் என்று எது வந்தாலும் பள்ளிக்கூட நோட்டில் ‘முட்டாள்தனமான’ என்று ஒரே பொருளை எழுதிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வேறு ஊரில் பிறந்து, வேறு வழியில் நடந்து வந்து அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்தவை. வந்த வழி தெரிந்தால் இன்றைய வேறுபாடு தெரியும். அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் தெரியவரும்: ஒரு சமூகம் யாரையெல்லாம் அசடு என்று அழைத்தது என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி.

நல்ல வேளையில் பிறந்த சொல்

‘சில்லி’யிலிருந்தே தொடங்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ஏறக்குறைய ‘யெசேலி’ என்று ஒலித்தது. பொருள்: நற்பேறு பெற்ற, மகிழ்ச்சியான, அருள்பெற்ற. அதன் அடியில் இருக்கும் பெயர்ச்சொல் ‘சேல்’. அதற்குக் காலம் என்றும் பொருள், நல்வாழ்வு என்றும் பொருள். தமிழ்க் காதுக்கு இது புதிதாக இருக்காது. ‘நல்ல வேளை, தப்பிச்சோம்’ என்கிறோம். ‘அவனுக்கு நேரம் நல்லா இருக்கு’ என்கிறோம். நேரம் என்றாலே நமக்கும் பாதி அதிர்ஷ்டம்தான்.

ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஜெர்மன் மொழியில் அதே சொல் ‘ஸேலிக்’ என்று இன்றும் வாழ்கிறது, பழைய பொருள் மாறாமல். பேரின்பத்தில் இருப்பவர், இறைவனின் அருள்பெற்றவர் என்று அதற்குப் பொருள். மறைந்த தந்தையைப் பற்றிப் பேசும்போது நாம் ‘அமரர்’ சேர்ப்பதுபோல ஜெர்மானியர் அந்தச் சொல்லைச் சேர்ப்பதுண்டு. அக்கா அங்கே கோயிலில் இருக்கிறாள். தங்கை இங்கே அசடு என்ற பெயரோடு நிற்கிறாள். நடுவில் நடந்தது என்ன?

நடந்தது மெல்ல, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அருள்பெற்றவர் என்ற பொருள் இறைப்பற்றுள்ளவர் என்று ஆயிற்று. இறைப்பற்றுள்ளவர் சூதுவாது அறியாதவர். சூதுவாது அறியாதவரை மற்றவர்கள் எளிதில் ஏய்த்துவிடுவார்கள். ஆகவே அவர் இரக்கத்துக்குரியவர். 13-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே சொல் இந்த இரக்கப் பொருளுக்கு வந்துவிட்டது. நாம் ‘பாவம்’ என்று சொல்லும் இடம் அது. பிறகு எளியவர், வலுவற்றவர். மந்தையிலிருந்து தனித்துப்போன ஆட்டுக்கும் இதே அடைமொழி. கடைசியில், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அறிவு குறைந்தவர் என்ற பொருள் ஏறி உட்கார்ந்தது.

இந்தப் பயணத்தின் நடுவழியில் சொல்லைப் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டுமானால் 14-ஆம் நூற்றாண்டுக் கவி சாசரிடம் போகலாம். அவருடைய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் மில்லர் சொல்லும் கதையில் ஒரு தச்சர் வருகிறார். அவர் வீட்டில் குடியிருக்கும் மாணவன், நோவா காலத்தைப் போன்ற பெருவெள்ளம் மறுபடி வரப்போகிறது என்று அவரை நம்பவைக்கிறான். தச்சர் மரத்தொட்டிகளைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, மனைவியைக் காப்பாற்ற வேண்டுமே என்று பதறிக்கொண்டு ஒரு தொட்டிக்குள் படுத்துத் தூங்குகிறார். அவர் மனைவியும் அந்த மாணவனும் சேர்ந்து செய்த ஏமாற்று அது. சாசர் அந்தத் தச்சருக்குக் கொடுக்கும் அடைமொழி, இந்தச் சொல்லின் அன்றைய வடிவமான ‘சேலி’. தெய்வத்தை நம்பியவர், மனைவிமேல் அன்புள்ளவர், ஏமாந்தவர், நகைப்புக்கு ஆளானவர் என்று அவர் நான்குமாக இருக்கிறார். சொல்லும் நான்கு பொருளையும் ஒன்றாகச் சுமந்து நிற்கிறது. ஏமாற்றியவனுக்கு அங்கே பழிப்பெயர் இல்லை. பெயர் ஏமாந்தவருக்குத்தான்.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தை ‘சில்லி சஃபோக்’ என்று பிறர் கேலி பேசுவது பழைய வழக்கம். அந்த மண்ணின் மக்கள் அதற்குச் சொல்லும் விளக்கம் வேறு: எங்கள் ஊர்களில் பழைய தேவாலயங்கள் நிறைய, நாங்கள் ‘அருள்பெற்ற சஃபோக்’ என்பார்கள். சொல் பிறந்த பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நல்லவனுக்கு வைத்த பெயர்கள்

சில்லியின் கதை தனிக்கதையாக இருந்தால் விந்தை என்று விட்டுவிடலாம். ஆனால் ஆங்கிலத்தில் இதே தடத்தில் வந்தவை பல.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் செல்லக் கோபத்தோடு சொல்லப்படும் ‘டாஃப்ட்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் மென்மையான, அடக்கமான, இசைவான என்பது. சாதுவான பசு என்று நாம் சொல்வதுபோல விலங்குகளின் அடக்கத்துக்கும் அது வழங்கியது. கை நேர்த்தியைக் குறிக்கும் ‘டெஃப்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்கு இசைவு என்ற பொருள் கைத்திறனாகக் கிடைத்தது. மற்றவருக்கு அடக்கம் என்ற பொருள் அசட்டுத்தனமாகப் போய் முடிந்தது. குற்றமற்றவர் என்று பொருள்படும் ‘இன்னொசென்ட்’ ஒரு காலத்தில் அறிவு வளராதவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும் இருந்தது. எளிமையைக் குறித்த ‘சிம்பிள்’ என்ற சொல்லிலிருந்து பேதையைக் குறிக்கும் ‘சிம்பிள்டன்’ முளைத்தது.

எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது ‘கிரெட்டின்’. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அதனால் தைராய்டு சுரப்பி கெட்டு, உடலும் அறிவும் வளராமல் குழந்தைகள் பிறந்தார்கள். அந்த மக்கள் அவர்களைத் தங்கள் வட்டார வழக்கில் ‘கிறித்தவர்’ என்ற சொல்லாலேயே அழைத்தார்கள். இவரும் மனிதர்தான், விலங்கல்ல, ஞானஸ்நானம் பெற்ற நம் ஆள்தான் என்பது அதன் உட்பொருள். மலையிலிருந்து இறங்கிப் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனபோது அந்தப் பரிவு கழன்று விழுந்தது. மருத்துவப் பெயர் ஆயிற்று. பிறகு வசை ஆயிற்று. சுவிட்சர்லாந்து 1922-இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பிறகு நோய் அங்கே மறைந்துபோனது. வசை மட்டும் மறையவில்லை.

தமிழிலும் இந்தத் தடம் உண்டு. செய்தித்தாளில் ‘அப்பாவி மக்கள்’ என்றால் குற்றமற்றவர்கள். திண்ணைப் பேச்சில் ‘அவன் ஒரு அப்பாவி’ என்றால் உலகம் தெரியாதவன். தாய்மாமன் மகனைக் குறிக்கும் ‘அம்மாஞ்சி’ என்ற உறவுப்பெயர் ஏமாளியின் பெயராகிவிட்டது. ‘வெகுளி’யின் கதை இன்னும் வியப்பானது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று வெகுளி, பொருள் சினம். திருக்குறளில் ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்றோ கோபமே வராத, கள்ளம் அறியாத ஆளைத்தான் வெகுளி என்கிறோம். பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதான ‘பேதை’ ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள சிறுமி. வள்ளுவரின் ‘பேதைமை’ அதிகாரத்திலோ பேதை என்பவர் நல்லது கெட்டது பிரித்தறியாதவர்.

நன்மைக்கும் மடமைக்கும் இடையே எந்த மொழியிலும் வேலி உறுதியாக இல்லை. நல்லவன் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கும்போது, அவனுக்குப் பெயர் வைக்கும் உரிமை சாமர்த்தியசாலிகளின் கைக்குப் போய்விடுகிறது. மொழி அவர்கள் வைத்த பெயரையே எழுதிக்கொள்கிறது.

துருத்தி, அடி, அபஸ்வரம்

இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் எப்படி வேறுபடுகின்றன என்று இப்போது பார்க்கலாம். ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்வோம். பேத்தியைச் சிரிக்கவைக்கத் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவருகிறார். அது சில்லி. அவரே யாரோ கேட்டார்கள் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அது ஃபூலிஷ். அதைக் கேட்டுக் கொதித்த மகன் வாயிலிருந்து வருவது ஸ்டூப்பிட். ஓர் அலுவலகத்தில் உயிரோடு முன்னால் நிற்பவரிடமே ‘நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டுவாருங்கள்’ என்கிறார்கள். அது அப்சர்ட். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொள்ள, 200 ரூபாய் பெறாத குடைக்குக் கடைக்காரர் 2,000 ரூபாய் கேட்கிறார். அது ரிடிகுலஸ்.

இந்த வேறுபாடுகள் வேரிலேயே இருக்கின்றன. ‘ஃபூல்’ என்ற சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் ‘ஃபோல்லிஸ்’. கொல்லன் உலையில் ஊதும் தோல் துருத்தி. உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லாத தலை என்ற உவமை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் அரண்மனைகள் இந்தச் சொல்லுக்கு வேறொரு மதிப்பைக் கொடுத்தன. அரசனுக்கு முன்னால் உண்மையைச் சிரிப்பில் சுற்றிச் சொல்ல உரிமை பெற்ற விதூஷகனுக்கும் அதுவே பெயர். எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்த வில் சோமர்ஸ் அப்படிப்பட்டவர். பிறவியிலேயே அறிவு குன்றியவர் ‘இயற்கை ஃபூல்’, வேடம் போடுபவர் ‘செயற்கை ஃபூல்’ என்று இரு வகை பிரித்தார்கள். ஷேக்ஸ்பியரின் குழுவில் ராபர்ட் ஆர்மின் என்ற நடிகர் சேர்ந்த பிறகு அந்த நாடகங்களின் விதூஷகர்கள் அறிவாளிகளாக வளர்ந்தார்கள். லியர் மன்னனோடு புயலில் நடக்கும் விதூஷகன்தான் அந்த நாடகத்தில் தெளிவாகப் பார்ப்பவன். 1511-இல் அச்சான எராஸ்முஸின் ‘மடமையின் புகழுரை’ நூலில் மடமையே மேடையேறிப் பேசுகிறது. உலகத்துப் பெரியவர்களின் மடமையை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. இத்தனை வரலாறு பின்னால் இருப்பதால் ஃபூலிஷ் என்ற சொல்லில் தீர்ப்பு இருக்கிறது. இவனுக்கு யோசிக்க முடியும், யோசிக்காமல் விட்டான், பலனை அனுபவிப்பான் என்று அது சொல்கிறது. மடமை, பேதைமை என்ற நம் பழைய சொற்கள் இதற்கு அருகில் வருகின்றன.

‘ஸ்டூப்பிட்’ அடியிலிருந்து பிறந்தது. திகைத்துப்போதல், உணர்வற்று விறைத்தல் என்பது அதன் லத்தீன் வேர். மயக்க நிலையைக் குறிக்கும் ‘ஸ்டூப்பர்’, மலைக்கவைக்கும் பெருமையைக் குறிக்கும் ‘ஸ்டுப்பென்டஸ்’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள். தலையில் அடிபட்டு அறிவு மரத்துப்போன நிலை அது. கை கால் மரத்துப்போவதைச் சொல்லும் நாம் ‘மரமண்டை’ என்று திட்டுவதும் இதே எண்ணத்தில்தான். இந்தச் சொல் செயலைத் தாண்டி ஆளின் மூளையையே குறிவைக்கிறது. அதனால்தான் சுடுகிறது.

‘அப்சர்ட்’ இசையிலிருந்து வந்தது. சுருதி சேராதது, காதுக்கு ஒவ்வாதது என்பது அதன் பழம்பொருள். செவிட்டைக் குறிக்கும் ‘சுர்துஸ்’ என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. நம் சங்கீத மேடையின் ‘அபஸ்வரம்’ அதற்கு நேர்ச்சொல். உலகத்தின் ஒழுங்கோடு ஒரு கூற்று சுருதி சேராமல் நிற்கும்போது அப்சர்ட். தமிழில் இதற்கு வழங்கும் ‘அபத்தம்’, கட்டப்படாதது என்ற வடசொல் பொருளிலிருந்து வந்தது. முன்னும் பின்னும் பொருந்தாத பேச்சு. பெக்கெட், இயனெஸ்கோ முதலியோரின் நாடகங்களைக் குறித்து மார்ட்டின் எஸ்லின் 1961-இல் எழுதிய நூலுக்குப் பிறகு ‘அபத்த நாடகம்’ என்ற தொடர் நம் எழுத்தாளர்களுக்கும் பழகிப்போனது. ஒரு மனிதரை அசடு என்று அது சொல்லவே இல்லை. வாழ்க்கைக்கும் அறிவுக்கும் நடுவில் சுருதி சேரவில்லை என்கிறது.

‘ரிடிகுலஸ்’ சிரிப்பிலிருந்து வந்தது, நகைப்புக்கு இடமானது. பொருந்தாமையை அறிவால் கண்டால் அப்சர்ட், வாய்விட்டுச் சிரித்துத் தள்ளினால் ரிடிகுலஸ். ‘இனேன்’ வெறுமையிலிருந்து வந்தது. சொல்ல எதுவும் இல்லாமல் பேசும் பேச்சு. ‘ஃபேச்சுவஸ்’ என்றால் தன் அசட்டுத்தனத்தில் தானே திருப்தியாக இருப்பது. அதன் லத்தீன் வேரோடு நெருப்பைச் சேர்த்து, சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி வழிப்போக்கரை மயக்கும் ஒளிக்கு ‘அசட்டு நெருப்பு’ என்று பெயர் வைத்தார்கள். நம் கிராமத்துக் கொள்ளிவாய்ப் பிசாசு அதுதான். கண்மூடித்தனமான காதல் மயக்கத்தைச் சொல்லும் ‘இன்ஃபாச்சுவேஷன்’ என்ற சொல்லுக்குள்ளும் அந்த வேர் இருக்கிறது.

தலைசுற்றலும் ஓர் ஊற்று. ‘கிடி’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் தெய்வமோ ஆவியோ ஏறியவரைக் குறித்தது. ‘டிஸ்ஸி’ முதலில் மூடனைக் குறித்தது. இன்று இரண்டும் தலைசுற்றலைக் குறிக்கின்றன. கிறுகிறுப்பையும் கிறுக்கையும் அருகருகே வைத்திருக்கும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மருமகனுக்கு விடை சொல்லலாம். ‘வாங்க, கொஞ்ச நேரம் சில்லியாக இருப்போம்’ என்று ஆங்கிலத்தில் நண்பர்களை அழைக்கலாம். ‘வாங்க, ஸ்டூப்பிடாக இருப்போம்’ என்று அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். சில்லித்தனம் தெரிந்தே போட்டுக்கொள்ளக்கூடிய வேடம். எந்த நேரமும் கழற்றிவிடலாம். அதில் பழி இல்லை, குழந்தைமை இருக்கிறது. அறிவு அதில் போய்விடவில்லை, விடுமுறையில் இருக்கிறது. நாடாளுமன்றம் கூடாத கோடைமாதங்களில் செய்தி கிடைக்காமல் நாளிதழ்கள் அற்பச் சேதிகளால் பக்கம் நிரப்பும் காலத்தை 1861 முதல் ஆங்கிலேயர் ‘சில்லி பருவம்’ என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான். பந்து முகத்துக்கு வரும் என்று தெரிந்தே அங்கே போய் நிற்பவரிடமும் அறியாமை இல்லை. அறிந்தே எடுத்துக்கொண்ட ஆபத்து அது. பக்கத்தில் நிற்கும் தோழர்கள் சிரிப்போடு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ‘அசடு’தான். ‘போடா அசடே’ என்று அம்மா சொல்லும்போது அதில் இருக்கும் ஈரம் ‘முட்டாள்’ என்ற சொல்லில் இல்லை.

ஆனால் அந்த ஈரம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சில்லி என்ற அடைமொழி ஆங்கில இலக்கியத்தில் பெண்கள்மேலும் குடியானவர்கள்மேலும் ஏழைகள்மேலும் விழுந்துகொண்டே இருந்தது. பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்று புகழ்பெற்ற மேரியன் எவன்ஸ், 1856-இல் பெண் நாவலாசிரியர்களின் ‘சில்லி’ நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கவலை ஆழமானது. இப்படிப்பட்ட நாவல்கள் பெருகினால், பெண்ணுக்குக் கல்வி கொடுத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும் என்று அவர் அஞ்சினார். அந்தச் சொல்லால் பெண்ணினம் எவ்வளவு இழந்தது என்று அறிந்த ஒருவரே அதை அவ்வளவு கவனமாகக் கையாள முடியும்.

எதிர்த்திசையில் நடந்தவை

எல்லாச் சொல்லும் கீழே இறங்கவில்லை. சில ஏறியும் வந்தன. ‘நைஸ்’ என்ற சொல்லின் மூலம் லத்தீனில் ‘அறியாதவன்’. சுமார் 1300-இல் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் மனிதர் என்றால் மூடர். பிறகு அற்ப விஷயத்துக்கெல்லாம் முகம் சுளிப்பவர்; பிறகு நுணுக்கம் பார்ப்பவர்; பிறகு நுண்மையான, மெல்லிய; 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இனிமையான. எடுத்ததற்கெல்லாம் இதைச் சொல்கிறார்களே என்று, 1817-இன் கடைசியில் வெளியான ‘நார்த்தேங்கர் அபி’ நாவலில் ஜேன் ஆஸ்டினின் ஹென்றி டில்னி கேலி செய்கிறான். இந்தச் சொல் ஏறிய படிகளில் ஒன்று தமிழ்ச் சமையலறையில் அப்படியே தங்கிவிட்டது. ‘மாவை நைஸா அரை’ என்று சொல்லும்போது நாம் சொல்வது இனிமையை அல்ல, நுண்மையை.

‘ஃபாண்ட்’ என்ற சொல்லும் அப்படி. முதலில் மூடத்தனமான என்று பொருள். பிறகு மூடத்தனமாக அன்பு செலுத்துகிற. பிறகு மூடத்தனம் உதிர்ந்து அன்பு மட்டும் நின்றது. லியர் மன்னன் தன்னை அந்தச் சொல்லால் குறிப்பிடும்போது அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புத்திகெட்ட கிழவன் என்கிறானா, பாசக்காரக் கிழவன் என்கிறானா என்று பிரிக்க முடியாத அந்த இடத்தில் நாடகத்தின் துயரம் முழுவதும் இருக்கிறது.

அருள்பெற்றவர் அசடானார், அறியாதவர் இனியவரானார். பாதி வழியில் சில்லியும் நைஸும் எதிரெதிரே கடந்து போயிருக்கின்றன. ஒரு சொல்லின் இன்றைய பொருளை வைத்து அதன் தகுதியை அளக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

சொல் சட்டமானபோது

இதுவரை வந்தவை தெருவிலும் வீட்டிலும் மாறிய சொற்கள். இனி வருபவை அரசாங்கத் தாளில் ஏறியவை. இவற்றைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது.

கிரேக்க மொழியில் ‘இடியோட்டெஸ்’ என்றால் பொதுப்பதவி எதுவும் வகிக்காத தனிமனிதர். தன் வீடு, தன் வேலை என்று இருப்பவர். பிறகு, ஒரு துறையில் பயிற்சி இல்லாதவர். விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூலில், மீனவர்களான பேதுருவும் யோவானும் துணிந்து பேசுவதைக் கண்டு சபையோர் வியக்கும் இடத்தில் அவர்களுக்கு வழங்கும் சொல் இதுதான். படிப்பில்லாத சாமானியர் என்ற பொருளில். அந்தச் சாமானியர்தான் ஆங்கிலத்துக்கு வந்து ‘இடியட்’ ஆனார்.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதற்கு அது. அமெரிக்காவில் நியூஜெர்சியின் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய ஹென்றி காடர்ட் அதை எடுத்துக்கொண்டு படிநிலை வகுத்தார். மனவயது 3-க்குக் கீழே என்றால் இடியட். 3 முதல் 7 வரை, வலுவற்றவர் என்ற லத்தீன் பொருளுள்ள ‘இம்பசைல்’. 8 முதல் 12 வரையுள்ளவர்களுக்குப் பெயர் இல்லையென்று 1910-இல் கிரேக்கத்திலிருந்து புதிதாக ஒன்றைச் செய்தார்: ‘மோரான்’. மந்தமானவர் என்று பொருள்படும் ‘மோரோஸ்’ அதன் வேர். மலைப்பொழிவில், சகோதரனை இந்தச் சொல்லால் அழைப்பவன் நரகத்துக்கு ஆளாவான் என்று இயேசு எச்சரிக்கிறார். தமிழ் விவிலியத்தில் அது ‘மூடனே’. எந்தச் சொல்லை அண்ணன் தம்பிமேல் எறியக்கூடாது என்று சொல்லப்பட்டதோ அதே சொல் குழந்தைகளின் கோப்புகளில் எழுதப்பட்டது.

பிரிட்டனின் 1913-ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டம் இடியட், இம்பசைல் என்ற சொற்களைச் சட்டவகைகளாக வைத்துக்கொண்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் கொண்டுவந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலும் இடியட் என்ற சொல் இருந்தது. 1987-இல் இயற்றப்பட்ட வேறு சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அது நம் சட்டநூலில் உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணை அறிவு குன்றியவர் என்று முத்திரை குத்தினார்கள். அவர் தாய்க்கும் அதே முத்திரை; கைக்குழந்தையான மகளுக்கும் அதே முத்திரை. கேரிக்கு இனி குழந்தை பிறக்காமல் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், இம்பசைல் என்ற சொல்லை அந்த மூன்று தலைமுறைக்கும் சேர்த்துப் பயன்படுத்தினார். அந்தச் சிறுமி விவியன் பள்ளிக்குப் போனாள். நன்றாகப் படித்து, பாராட்டுக்குரிய மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயால் இறந்துபோனாள். சொல் பொய் என்று அவள் காட்டிவிட்டாள். ஆனால் அவள் தாயின் உடலில் கத்தி அதற்கு முன்பே பட்டுவிட்டது.

அந்தச் சொற்கள் தெருவுக்கு வந்து வசையானதும் மருத்துவர்கள் அவற்றைக் கைவிட்டு வேறு சொல் தேடினார்கள். அதுவும் வசையாயிற்று. 2010-இல் அமெரிக்கா ‘ரோசாவின் சட்டம்’ இயற்றி, கூட்டாட்சிச் சட்டங்களில் இருந்த பழைய சொல்லை நீக்கி, அறிவுசார் மாற்றுத்திறன் என்ற பொருளுள்ள தொடரை வைத்தது. சொல்லை மாற்றினால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஆனால் ஒரு குழந்தையின் மருத்துவத் தாளில் இருக்கும் சொல்லும் தெருவில் அவளைத் துரத்தும் சொல்லும் ஒன்றாக இருக்கக்கூடாது. அந்த அளவுக்காவது ஒரு மொழி தன் பிள்ளைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

கொலோனில் ஒரு கல்லறை

கடைசியாக ஒரு சொல், ஒரு மனிதர்.

பள்ளியில் மக்குப் பையனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘டன்ஸ்’. 19-ஆம் நூற்றாண்டு வகுப்பறைகளில் அந்தப் பையன் தலையில் கூம்புக் குல்லாய் வைத்து மூலையில் நிறுத்துவார்கள். அந்தச் சொல் ஸ்காட்லாந்தின் எல்லையிலுள்ள டன்ஸ் என்ற சிற்றூரின் பெயர். 1266-ஐ ஒட்டிப் பிறந்த ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவிக்கு அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் கற்பித்தவர். 1308-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார். நுணுகி நுணுகிச் சிந்தித்ததால் ‘நுண்மதி ஆசான்’ என்று அவர் காலத்தார் போற்றினார்கள். ஒவ்வொரு பொருளையும் ஒவ்வோர் உயிரையும் வேறெதுவும் ஆகாமல் அதுவாகவே ஆக்கும் ஒரு தன்மை உண்டு என்று அவர் வாதிட்டார். தமிழில் ‘இதுத்தன்மை’ எனலாம்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு புதிய கல்வி வந்தது. அதை ஏற்காமல் பழைய நூல்களைப் பிடித்துக்கொண்டு வாதாடிய அவர் வழிவந்தவர்களை ‘டன்ஸ் ஆட்கள்’ என்று எள்ளினார்கள். 1535-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த அரசுப் பார்வையாளர் ரிச்சர்ட் லேட்டன், நியூ காலேஜின் முற்றம் முழுக்க டன்ஸின் நூல் ஏடுகள் கிழிந்து காற்றில் பறப்பதைப் பார்த்துக் கடிதம் எழுதினார். மான்கள் காட்டைவிட்டு ஓடாமல் மறிக்க வெருளி கட்டுவதற்காக ஒரு கனவான் அந்த ஏடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் என்றும் எழுதினார். முதலில் வீண்வாதம் செய்பவர் டன்ஸ். பிறகு புத்தகப் பூச்சி டன்ஸ். கடைசியில் எழுத்தே ஏறாதவர் டன்ஸ். ஒவ்வோர் உயிருக்கும் தனக்கே உரிய தன்மை உண்டு என்றவரின் பெயரை, எந்தத் தனித்தன்மையும் பார்க்காமல் பிள்ளைகள்மேல் ஒட்டும் முத்திரையாக்கினார்கள்.

1993-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் என்று உறுதிசெய்தார். கொலோனின் மினோரிட்டன் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அங்கே வழிபட வருகிறவர்கள் ஜெர்மன் பேசுகிறவர்கள். தங்கள் மொழியில் அவர் பெயருக்கு முன்னால் அருளாளர் என்ற பட்டத்தைச் சேர்க்கும்போது அவர்கள் சொல்லும் சொல் ‘ஸேலிக்’.

ஆங்கிலம் அந்தச் சொல்லைத்தான் ‘சில்லி’ என்று உச்சரிக்கிறது.